நோயாளியாக நடிப்பவருக்கான குறிப்புகள்

பிப்ரவரி 6

வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வைத் திட்டமிடும் வேலை என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. பயிற்சி மையத்திலிருந்து ஓய்வு பெற்றவனைத் திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மறுக்கத் தைரியம் வரவில்லை. வெல்டிங்குக்கும் குழாய் வேலைக்கும் தேர்வு வகுத்தே வயதானவன் நான். பற்றவைத்த இடத்தை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு மனிதரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைத்தால் எதை அறுத்துப் பார்ப்பது?

மாலைவரை யோசித்தும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை.

பிப்ரவரி 11

தேர்வில் மதிப்பெண் போடப்போகும் நர்ஸுடன் உட்கார்ந்து படிகளைப் பிரித்தேன். கை கழுவுதல். செய்யப்போவதை நோயாளியிடம் சொல்லுதல். சக்கர நாற்காலியின் இரு பக்கப் பிரேக்கையும் போடுதல். பிறகுதான் தூக்குதல். பிரேக்கைத் தவறவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது.

"இதுல மட்டும் ஈவு இரக்கம் பார்க்காதீங்க சார். நாற்காலி நழுவுச்சுன்னா இடுப்பெலும்பு போச்சு" என்றார்.

பொம்மையை வைத்து நடத்தலாமே என்றேன்.

"பொம்மைக்கு வலிச்சா சொல்லாதே சார்."

அதுவும் சரிதான். நோயாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும்.

பிப்ரவரி 15

நடிப்பவருக்கான குறிப்புகளை எழுதி முடித்தேன். எழுபது வயதுக்காரர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வராது. எல்லாத் தேர்வர்களிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். யாருக்கும் எந்த வகையிலும் உதவக் கூடாது.

திரும்பப் படித்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 21

நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நாடகக்காரர் கையை விரித்துவிட்டார். மையத்தின் பொறுப்பாளர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற ஆளு எதுக்கு சார்? நீங்க போய்ப் படுத்தாலே போதும். நடிக்கவே வேணாம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். திட்டம் போட்டவனே நோயாளியாகப் படுப்பது முறையா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வீட்டில் ஒத்திகை. காலையிலிருந்து வலது கையைப் பயன்படுத்தவில்லை. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை; அப்படியே விட்டுவிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

மகன் ஃபோன் செய்தான். இடது கையால் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் அவனுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று கூப்பிடவில்லை.

இன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

பிப்ரவரி 27

தேர்வு.

காலையில் வந்தவர்கள் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்தார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பிரேக்கையே தொடாமல் என்னைத் தூக்க வந்தார். குறிப்பின்படி சும்மா இருந்தேன். நர்ஸ் கைதட்டி நிறுத்தினார். லாரிக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

மாலையில் வந்தவர் நாற்பது தாண்டிய பெண். துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிப்போய் இந்தப் பயிற்சிக்கு வந்தவர். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை தயாராக இருக்கிறதாம். ஒன்றாம் தேதி சான்றிதழோடு போய்ச் சேர வேண்டுமாம். நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார்.

"கை கழுவிட்டு வந்திருக்கேன்ப்பா, ஜில்லுன்னு இருக்கும். திட்டாதீங்க" என்று ஆரம்பித்தார். "இப்ப உங்களை நாற்காலியில உட்கார வைக்கப்போறேன். பயப்படாதீங்க, மூட்டை மூட்டையா துணி தூக்கின கை. என்னப்பா இது, தோளெல்லாம் எலும்பா இருக்கு? வீட்டுல யாரு சமைக்கிறா?"

பேச்சு வராத நோயாளி நான். பேசாமல் பார்த்தேன்.

"சொல்ல மாட்டீங்களா? சரி, கோவம் தணிஞ்சதும் சொல்லுங்க."

வெளிப்பக்கப் பிரேக்கைப் போட்டார். என் காலர் மடங்கியிருந்ததைக் கண்டு சரிசெய்தார். அந்தப் பேச்சில் கட்டிலை ஒட்டிய பக்கத்துப் பிரேக்கை மறந்துவிட்டார். நர்ஸ் மறுபக்கம் நின்றிருந்தார். என் இடது கை கீழே போனது. பிரேக்கைத் தள்ளியது. நான்தான் தள்ளினேன், கை தானாகப் போனது என்று எழுதுவது ஏமாற்று.

அவர் என்னை அணைத்துத் தூக்கி உட்காரவைத்தார். நாற்காலி அசையவில்லை. நர்ஸ் இரண்டு பிரேக்குக்கும் சரி போட்டுவிட்டார்.

தேர்ச்சி என்றதும் அவர் திரும்பி என்னைப் பார்த்து, "வரேன்ப்பா" என்றார்.

பிப்ரவரி 28

ஏன் செய்தேன்? விழுந்துவிடுவோம் என்ற பயமா? பயமென்றால் காலையிலும் பயந்திருக்க வேண்டுமே. லாரிக்காரர் மறந்தபோது கையைக் கட்டிக்கொண்டுதானே கிடந்தேன்? அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை — அவ்வளவுதானா வித்தியாசம்? அதற்காக ஒருவருக்குத் தோல்வி, ஒருவருக்குத் தேர்ச்சியா? நாளை ஏதோ ஒரு வீட்டில் நிஜமாகவே கை விழுந்தவரை அந்தப் பெண் தூக்குவாரே, அங்கே யார் பிரேக் போடுவது?

மதியம் பொறுப்பாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"யாருமே பார்க்கலையே சார்! எதுக்கு இழுத்துவிட்டுக்கிறீங்க?"

"எனக்குத் தெரியுமேம்மா" என்றேன்.

அவர் முடிவை ரத்து செய்தார். ஒரு மாதம் கழித்து மறுதேர்வு. லாரிக்காரருக்கும் அன்றே.

மார்ச் 3

துணிக்கடை அம்மா வந்தார். வராந்தாவில் என்னை வழிமறித்தார்.

"நீங்கதான் பிரேக் போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"நீங்களே போய் அதைச் சொன்னீங்களா?"

"ஆமாம்."

"மறந்தது என் தப்பு. இல்லேங்கல. ஆனா உதவி பண்ணுங்கன்னு நான் கேட்டேனா சார்? அன்னிக்கே ஃபெயிலுன்னு சொல்லியிருந்தா, அந்த இல்லத்துல நாள் கேட்டிருப்பேன். பாஸ், ஒண்ணாம் தேதி வரேன்னு சொல்லிட்டு வெறுங்கையோட போய் நின்னேன். பொய் சொல்றவளுக்கு இங்க வேலை இல்லைன்னுட்டாங்க. இப்ப சந்தோஷமா?"

அப்பா போய் சார் வந்துவிட்டது. அதைக் கவனிக்கும் நேரமா அது? வீட்டில் நானேதான் சமைக்கிறேன் என்று சொல்ல வேண்டும்போல் தொண்டைவரை வந்தது. பைத்தியக்காரத்தனம். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

அந்த இல்லத்துக்கு நடந்ததை எழுதி, தவறு என்னுடையது என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மார்ச் 9

மகனோடு பேசினேன். வேலை எப்படிப் போகிறது என்றான். ஒழுங்காகப் போகிறது என்றேன்.

மார்ச் 14

இல்லத்திலிருந்து பதில். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று. அடுத்து காலியானால் பார்க்கலாமாம், சான்றிதழ் இருந்தால்.

மார்ச் 28

மறுதேர்வு. நான் அறைக்குள் போகவில்லை, போகக் கூடாது. வாசல் காவலாளியை நோயாளியாகப் படுக்கவைத்தோம். லாரிக்காரர் தேறிவிட்டார். துணிக்கடை அம்மாவுக்கு முழு மதிப்பெண். இத்தனை பேரில் அவர் ஒருவருக்குத்தான். நான் வராந்தாவுக்கு வருவதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார்.

காவலாளி சீருடையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படிச் செஞ்சாங்க?"

"பூ மாதிரி தூக்குச்சு சார் அந்தம்மா. ரெண்டு பிரேக்கையும் போட்டு, ஆட்டிவேற பார்த்துச்சு."

"பேசினாங்களா?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லுச்சு. இப்ப இதைப் பண்றேன், இப்ப அதைப் பண்றேன்னு, ஒப்பிக்கிற மாதிரி. நான்கூட ஒரு தடவை சிரிச்சேன் சார். மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. கண்ணு பூரா சக்கரத்துமேலதான்."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"வேற என்ன சார் கேக்கணும்?"

நான் வகுத்தபடியே நடந்திருக்கிறது. ஒரு படிகூடப் பிசகவில்லை. அந்த அம்மாவின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை விசிறிக்கொண்டு நின்றேன்.