கைப்பையில் போகும் கெட்டி உருண்டை

அத்தை,

என் பள்ளிக்கூடப் பையைத் திறந்தால் சுக்கும் வெல்லமுமாக மணக்கிறது. நீ கடைசியாகப் பிடித்த கெட்டி உருண்டைகளில் ஐந்தை எடுத்து, பழைய தாவணித் துணியில் சுற்றி உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேன். விடிந்ததும் நானும் அம்மாவும் மெட்ராஸ் பஸ் ஏறுகிறோம். சாயங்காலம் மீனம்பாக்கத்திலிருந்து மஸ்கட்டுக்கு விமானம். முழுப் பரீட்சை லீவு முடிகிற வரை அப்பாவோடு இருக்கப் போகிறோம். அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். விளக்குத் திரியை இறக்கிவிட்டு, நோட்டை முழங்கால் மேல் வைத்து எழுதுகிறேன். பையில் இருப்பது தெரிந்தால் தொலைந்தேன்.

உன் காரியத்துக்கு அப்பாவால் வர முடியவில்லை, லீவு கொடுக்கவில்லையாம். கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார், அக்கா கையால் செய்தது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. இருக்கிறது. நீ படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம், நம் கொல்லை மல்லாட்டைக் கடலையை வறுத்து, முறத்தில் தோல் ஊதி, பயத்தமாவோடு பாகில் போட்டுப் பிடித்தது. அதை எப்படியாவது அப்பா வாயில் சேர்த்துவிட வேண்டும். அம்மா கேட்டால்தானே.

"போன தடவ பட்ட மானக்கேடு போதும். இந்தத் தடவ நானே போலீஸ்காரன் எதுருல கை கட்டி நிக்க என்னால ஆவாது. மிச்சத்தயெல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தேகம்தான். நம் மாட்டுக்குப் பல்லெல்லாம் அப்படியே இருக்கிறது.

உன் படம்கூடச் சாயங்காலத்திலிருந்து சுவரில் இல்லை. கழற்றி அரிசிப் பானை மேல் வைத்திருக்கிறாள். உன் மேல் அவ்வளவு கோபம் போல.

போன வருஷம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் பயமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. லீவில் வந்த அப்பா திரும்பிப் போகும்போது நீ ஒரு டப்பா உருண்டை செய்தாய். பெரிய பெட்டியில் போட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். "செருப்புகூடவா தின்ற சாமான வப்பாங்க? வாய்க்குப் போறது கையோடதான் போவணும்" என்றாய். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டினாய். வெளியூர் போகிற பலகாரத்தைக் காத்து கருப்பு தொடாமல் இருக்க அடுப்புக்கரி ஒரு துண்டு போட்டாய். அப்புறம் ஆணி. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ்ளோ பெரிய ஆணி எதுக்குக்கா?"

"செங்கம் போறதுக்குச் சின்ன ஆணி போதும்டா தம்பி. நீ கடலத் தாண்டிப் போற."

மீனம்பாக்கத்தில் கயிறு கட்டி நம்மை இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம் மேசையில் ஒரு போலீஸ்காரர் அப்பாவின் கைப்பையைத் திறந்தார். டப்பாவைத் திறந்தார். சணல் சுற்றிய உருண்டைகள், கரி, ஆணி. மூடியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"யோவ், எல்லாரும் தள்ளுங்கய்யா!"

தீபத் திருவிழாவுக்குக் கூட்டம் நெருக்கித்தான் எனக்குப் பழக்கம். ஒரு கூட்டம் அவ்வளவு வேகமாக விலகியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னாய்யா இது?"

அப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அ... அக்கா..."

"இன்னா சாமான்னு கேட்டா அக்கான்ற?"

நீ கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்துவிட்டாய். உன் முந்தானையைப் பிடித்திருந்ததால் நானும் நுழைந்தேன்.

"நான்தாங்க அக்கா. அது கெட்டி உருண்டைங்க."

"கரி எதுக்கு? இந்த ஆணி எதுக்கு?"

"காத்து கருப்பு அண்டாம இருக்கத்தாங்க."

"ஏரோப்ளேன்ல எங்கம்மா வருது காத்து கருப்பு?"

"பின்ன, அது தரையிலயா சாமி சுத்துது? மேலதானே சுத்துது!"

அவர் டப்பாவை உன் பக்கம் தள்ளினார். "தின்னு காட்டு" என்றார்.

"பல்லு கம்மிங்க. ஒடச்சித் தின்றேன்" என்று ஓர் உருண்டையை எடுத்து மேசை மேல் ஓங்கி ஒரு போடு போட்டாய். டமார்! அப்பா காதைப் பொத்திக்கொண்டார். துப்பாக்கி வைத்திருந்தவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேசையின் ஓரத்தில்தான் சில்லு பெயர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? வெடிக்கல" என்றாய்.

பெரிய அதிகாரி ஒருவர் ஓடி வந்தார். ஓர் உருண்டையை வாங்கி முகர்ந்தார், கடித்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மாவும் கரி போடுவாங்க. ஆணி போட மாட்டாங்க" என்று சொல்லி டப்பாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கரியையும் ஆணியையும் மட்டும் எடுத்துக்கொண்டார். அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம், நம்மைத் தெரியாதவள் மாதிரி நின்றிருந்தாள்.

ஊர் வந்து சேருகிற வரை பஸ்ஸில் நீ புலம்பினாய். "காவலே இல்லாம போவுதேடி." அப்பாவின் கடிதம் வருகிற வரை உனக்குச் சோறு இறங்கவில்லை. "உருண்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. சுத்தியல் இரவல் வாங்கி உடைத்தோம்" என்று எழுதியிருந்தார். அந்தச் சுத்தியல் வரியை மட்டும் என்னை மூன்று தரம் படிக்கச் சொன்னாய்.

இப்போது என் தலைவலி அந்த ஆணிதான், அத்தை. போட்டால் நாளைக்கு மாட்டிக்கொள்வேன். போடாவிட்டால் நீ அங்கேயும் புலம்புவாய். கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஊக்கும் இரும்புதானே? துணி மூட்டையில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டால் எந்தப் போலீஸும் கேட்காது. ஊக்கு தேடி இப்போதுதான் அம்மாவின் கைப்பையைத் திறந்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு அடியில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தேன். செய்தித்தாள், சணல், உள்ளே மாட்டுக்குப் போட்ட உருண்டைகள். ஒரு துண்டுக் கரி. அதோடு ஓர் ஆணி. தலையில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. உன் படம் மாட்டியிருந்த ஆணி.

வாயில் தலையணையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அம்மா புரண்டு, "இன்னாடி?" என்றாள். "கொசும்மா" என்றேன்.

சணலை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். ஆணியையும் கரியையும் எடுத்துவிட்டு, அவள் மூட்டையில் ஓர் ஊக்கு, என் மூட்டையில் ஓர் ஊக்கு. ஆனால் இந்த நேரத்தில் சுவரில் ஆணி அடித்து உன்னைத் திரும்ப மாட்ட முடியாது. அரிசிப் பானை மேல் உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அதனால் உன் படத்தை என் பைக்குள் உருண்டைகளுக்கு மேலே வைத்துவிட்டேன். பெரிய பெட்டியில் இல்லை, கையோடுதான் வருகிறாய்.

நாளைக்குப் போலீஸ்காரர் பையைத் திறந்து இன்னா சாமான் இது என்று கேட்டால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உன் படத்தை எடுத்து நீட்டிவிடுவேன்.

"இவங்கதாங்க எங்கப்பாவோட அக்கா."

மிச்சத்தை நீ பேசிக்கொள்.