லைற் எரியுது

17 தை 2026, சனி. பியர்பொன்ட்ஸ்.

நேற்று மாலை மனைவியின் பூப்போட்ட வீட்டுச்சட்டையோடு போய்க் கதவைத் திறந்து மானத்தைக் கெடுத்துக்கொண்டேன். வாசலில் பக்கத்து வீட்டு யூதக் கிழவர். வெள்ளி பொழுதுபட்டால் சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், சுவிட்சைத் தொடமாட்டார்கள். அணைத்துவிடுங்கள் என்று பிறரிடம் கேட்கவும் மாட்டார்கள். ஜாடையாகத்தான் சொல்வார்கள்.

“மனிசிக்குத் தலையிடி. படுக்கையறை லைற் எரிஞ்சுகொண்டே இருக்கு.”

போன மாதம் இதையே சொன்னபோது போய் அணைத்துவிட்டு வந்தவன்தான் நான். நேற்று வெளியே பனி கொட்டியது. மேசையில் சுடச்சுடக் கொத்துரொட்டி. “அப்பிடியோ, பாவம்,” என்று கதவைச் சாத்திவிட்டேன்.

“ஆரப்பா அது?” என்றாள் மனைவி.

“சும்மா கதைக்க வந்தவர்.”

இன்று இருட்டிய பிறகு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். கிழவர் வந்தார். அவர் மனைவி விடிய விடியக் கண்ணில் துவாயைப் போட்டுக்கொண்டு கிடந்தாராம்.

“நான்தான் உங்களுக்கு விளங்கிறமாதிரிச் சொல்லேல்லை. குறை நினைக்காதேங்கோ.”

“பரவாயில்லை,” என்றேன். அவரை நான் மன்னித்துவிட்டேனாம், பெரிய மனிதன்!

“லைற்றை நூருங்கோவன், நித்திரை வருகுது,” என்கிறாள் மனைவி, நான் இதை எழுதிக்கொண்டிருக்க.

எனக்கு நேற்றே விளங்கினது என்று கிழவரிடம் சொல்லவில்லை.