ஒடிக்காத மூன்றாவது குச்சி

சட்டைப் பைக்குள் விரல் போனதும் மெழுகு வாடை வந்துவிட்டது. மருந்து முக்காத வெறும் தீக்குச்சிகள், மூன்று. கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டே உனக்கு இதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் தீப்பெட்டி ஆபீசில் நான் பண்டல் கட்டும் பக்கம், நீ லோடு ஏற்றும் பக்கம். பத்து வேலையைத் தொட்டு ஒன்றையும் முடிக்காமல் நான் முழிப்பதைப் பார்த்து, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரத்தையும் வெட்ட மாட்டாம்லே" என்று சிரிப்பாய். ஒருநாள் மூன்று குச்சிகளை என் பையில் செருகினாய்.

"இன்னைக்கு மூணு வேலைதான். ஒண்ணு முடிஞ்சா ஒரு குச்சிய ஒடி. மூணும் ஒடியாம நாலாவதத் தொடாத."

அன்றிலிருந்து என் நாள் ஒழுங்குக்கு வந்தது. ரேஷன் கார்டு திருத்துவதுகூடக் குச்சிக் கணக்கில்தான் நடந்தது.

அந்தக் காலையில் லோடு ஏற்றும் பக்கத்திலிருந்து நீ போன் செய்தாய்.

"நெஞ்ச என்னமோ பிடிக்குதுலே. ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வாரியா?"

"ரெண்டு குச்சி மிச்சம் கிடக்கு. மதியம் வாரேன்."

"அதுவும் சரிதான். நானும் லோட ஏத்தி அனுப்பிட்டு வந்திருதேன்."

என் கடைசிக் குச்சியை ஒடித்துவிட்டு வந்தபோது லாரி கிளம்பியிருந்தது. அது நின்ற இடத்தில் நீ விழுந்து கிடந்தாய். உயிர் இல்லை.

காரியம் முடிந்தபின் உன் மனைவி ஒரு பொட்டலத்தை நீட்டினார். உன் பையில் இருந்தவை. ஒடிந்தது இரண்டு, முழுசு ஒன்று.

"அண்ணாச்சி, அவிய இத மட்டும் ஏன் ஒடிக்கல?"

எனக்குத் தெரிந்தது. டாக்டரைப் பார்ப்பதை நீ மூன்றாவதாக வைத்திருந்தாய். எத்தனை வேலை என்று சொன்ன நீ, எது முதலில் என்று சொல்லவே இல்லையே. உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. என்மேலும்தான்.

ஒரு வாரமாகப் படி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. உன் முழுக் குச்சியையே டாக்டர் குச்சியாக்கி, தினமும் மூன்றாவதாகத்தான் வைத்தேன். தினமும் அது முழுசாகவே வீடு திரும்பியது. நேற்று துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அதை எடுத்து, "இது என்னத்துக்கு மிச்சம்?" என்றாள் என் மனைவி. நான் அதை வாங்கி மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

ஆபீசிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. இன்றும் லோடு உண்டு. உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

இரண்டு குச்சிகள் பையில் கிடக்கட்டும். நீ ஒடிக்காமல் விட்ட அந்தக் குச்சிதான் என் கையில் இருக்கிறது. உள்ளே போய்விட்டு வந்து ஒடிக்கிறேன்.