மேலேயா, கீழேயா?

மார்ச் 4

தவளைக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நலம். பாதி மீசையோடு நலம்.

சிரிக்காதே. நேற்று சலூன் நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன். டிவியில் யாரோ கரகரவென்று பேசிக்கொண்டிருந்தான். கண்ணை மூடியபடியே, "யாருப்பா அது, என்னை மாதிரியே பேசறான்?" என்று கேட்டேன். சலூன்காரத் தம்பி, "பேசறான் இல்லண்ணே, பேசறாங்க. உங்க பொண்ணு" என்றான். விருட்டென்று திரும்பினேன். கத்தி மீசையில் வலது பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. பெற்ற மகளை ஆம்பிளை என்று நினைத்த அப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் என்னைக் குறை சொல்லவும் முடியாது. இத்தனை படத்திலும் உன் வாயிலிருந்து வந்தது வேறொருத்தியின் தேன்குரல். உன் சொந்தக் குரலைப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது நேற்றுதான். பூரித்துப் போய்விட்டேன்.

அப்புறம் நீ அந்தக் கதையைச் சொன்னாய். புருஷன் வீட்டை விட்டுப் பெட்டியோடு கிளம்பி, நேரே அப்பா வேலை பார்க்கிற கட்டடத்துக்கு வந்தேன், லிஃப்டில் ஏறினேன், லிஃப்ட்காரரான என் அப்பா என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு "மேலேயா, கீழேயா?" என்று கேட்டார் என்று. பேட்டி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். சலூனிலும் சிரித்தார்கள். ஊரோடு ஒத்துப்போக நானும் சிரித்துவைத்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு அவர் 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இப்படித் தனியா நின்னிருக்க மாட்டேன்" என்றாய். உடனே சோப்பு விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

கண்ணு, ஆயுசு முழுக்க முக்காலியில் உட்கார்ந்து, ஏறுகிறவர்களையெல்லாம் அதே கேள்வி கேட்டவன் நான். ஊரையே மேலே ஏற்றிவிட்டுச் சாயங்காலம் தரைத்தளத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தவன். அன்றைக்கு லிஃப்ட் நிறைய ஆட்கள், எல்லோரும் உன் முகத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். நாக்கில் அதுதான் வந்தது. அதற்காக ஊர் முழுக்க ஒளிபரப்ப வேண்டுமா? என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டியிருக்கலாமே.

சரி, ஒரு செய்தி. தொண்டையில் என்னவோ முளைத்திருக்கிறதாம். அடுத்த வாரம் குரல்பெட்டியையே கழற்றப் போகிறார்கள். "வெறும் வயரை மாத்திப் பார்க்கக் கூடாதா டாக்டர்?" என்றேன். மனுஷனுக்குச் சிரிப்பே வரவில்லை. இனி என் ஜோக்குத் தொல்லை யாருக்கும் இல்லை. கழுத்தில் "லிஃப்ட் வேலை செய்யாது" என்று பலகை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நீ இதற்காக அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
பெரிய தவளை


மார்ச் 15

அப்பாவுக்கு,

கடிதம் ஷூட்டிங்குக்கே வந்து சேர்ந்தது. மேக்கப் அக்கா, "உங்க அப்பா லெட்டரா? படிங்க, சிரிச்சு நாளாச்சு" என்றாள். படித்தேன். வயரை மாற்றுகிற இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை "நெஞ்சுக்கு நேரே ஓட்டை" என்று எழுதினீர்களே, நினைவிருக்கிறதா? படப்பிடிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன். சட்டைப் பையிலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினீர்கள். அம்மா உயிரோடு இருந்தவரை அதற்காக உங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை நான் ஏமாற மாட்டேன்.

என்ன படம் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இதில் நான் அம்மா. மகனாக நடிப்பவர் யார் தெரியுமா? என் முதல் படத்தில் என்னைத் துரத்தித் துரத்திக் காதலித்தாரே, அவரேதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். காலையில் எனக்கு நரை வைக்கிற அதே கண்ணாடி முன்னால் அவருக்கு நரையை மறைக்கிறார்கள். பிறகு "அம்மா" என்று என் மடியில் படுக்கிறார். நல்ல கனம்.

அந்த முதல் படத்தில் நான் வசனம் பேசியதைக் கேட்டுவிட்டு டைரக்டர், "முகம் போதும்மா, குரலை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அன்றிலிருந்து உதட்டை அசைப்பதுதான் என் வேலை. எனக்கு விருது வாங்கித் தந்த வசனத்தைப் பேசியவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். வீட்டுக்கு வந்தால் என் புருஷன், "ஆளுங்க வந்திருக்காங்க, சிரிச்சுட்டு உள்ள போயிடு. வாயைத் திறந்து மானத்தை வாங்காதே" என்பார். திரையில் பேசியவளைத்தான் அவர் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்தது நான்.

இது உங்கள் குரல் அப்பா. யாருக்கும் வேண்டாத சாமானை உங்களிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் அன்று லிஃப்டில் ஏறினேன். நீங்களும் வாங்கிக்கொள்ளவில்லை.

இனி கடிதம் வேண்டாம். எழுத்தில் உங்களை நம்ப முடியாது. இந்த மாதம் கடைசி ஞாயிறு காலை போன் செய்யுங்கள். விளையாட்டு இல்லாமல், உங்கள் வாயால், "வா" என்று ஒரு வார்த்தை. அடுத்த வண்டியில் வந்துவிடுவேன். இல்லையென்றால் உங்கள் கடிதங்களை இனிமேல் பிரிக்கவே மாட்டேன். இது ஜோக் இல்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 3

கண்ணுக்கு,

இதை நீ பிரிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வயரை மாற்றவில்லை. பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. இந்தத் தடவை சட்டையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் சலூன்காரத் தம்பிதான் கூட இருந்தான். உன் கடிதத்தையும் அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். படித்துவிட்டு அவனிடம் நீட்டினேன். "இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? நான் பேசறேண்ணே. ஆபரேஷன் ஆயிடுச்சு, அண்ணன் உங்களை வரச் சொல்றாருன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றான். சிலேட்டில் "வேண்டாம்" என்று எழுதினேன். "ஏண்ணே, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றான்.

பைத்தியம்தான். ஆனால் உன்னை இத்தனை காலம் இரவல் குரலில் பேசவைத்தது போதாதா? அப்பனும் ஒரு டப்பிங் அப்பனாக வந்து நிற்பதா? என் வாயால் என்றுதானே கேட்டிருந்தாய்? மூச்சை வைத்தே மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஞாயிற்றுக்கிழமை சலூன் போனில் நம்பரைப் போட்டுவிட்டு அவனை வெளியே அனுப்பினேன்.

"ஹலோ" என்றாய். என் குரல். பழுதில்லாத, கரகரத்த, பழைய குரல். என் கழுத்திலிருந்து எடுத்ததை யாரோ உன்னிடம் பத்திரமாகக் கொடுத்துவைத்த மாதிரி இருந்தது.

"யாரு? அப்பாவா?"

ரிசீவரை விரலால் தட்டினேன்.

"அப்பான்னா பேசுங்க."

பேசத்தான் முக்கினேன். கழுத்து ஓட்டையில் புஸ், புஸ்ஸென்று காற்று வந்தது.

"சிரிக்கிறீங்களா?" என்றாய். "ஒரே ஒரு வார்த்தைதானேப்பா கேட்டேன். அதுவும் உங்களுக்கு ஜோக்கா?"

வைத்துவிட்டாய். மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

தம்பி உள்ளே வந்து, "என்னண்ணே சொன்னாங்க?" என்றான். சிலேட்டில் "கீழே" என்று எழுதிக் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை. நல்ல பையன், கேட்காமல் துண்டை உதறிப் போட்டு மீசையைச் சரிசெய்ய உட்காரவைத்தான்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ போனை வைக்கும்வரை நான் சும்மா இருக்கவில்லை. கேமரா முன்னால் நீ செய்த வேலையைத்தான் செய்தேன். சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தேன். எதிரே சலூன் கண்ணாடி. மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, பிறகு வாய் திறக்க வேண்டும். மேலேயும் கீழேயும் சேர்ந்தால்தான் அந்த வார்த்தை வரும் என்பதை இந்த வயதில்தான் பார்த்தேன்.

வா.