சீமெந்து போட்ட பாத்தி

அப்பா,

இன்று லண்டன் ஹரோவில் ஒரு கடையில் வெந்தயக் கீரை வாங்கினேன். வேரும் மண்ணுமாகக் கட்டியிருந்தார்கள். சிங்கில் போட்டுக் கழுவியதும் ஈரமண் மணத்தது. உங்கள் நினைவு வந்தது. நல்ல நினைவு அல்ல.

வட இங்கிலாந்தில், ஈயச் சுரங்கம் எப்போதோ மூடிப்போன அந்த மலைக் கிராமத்தில், கடை வைத்திருந்த ஒரே தமிழ்க் குடும்பம் நாங்கள். கடைக்குப் பின்னால், சுரங்கக் கழிவு கொட்டிய மேட்டின் அடியில், நீங்கள் கீரைப் பாத்தி கட்டினீர்கள். ஊரார் காசுக்கு வாங்கிய மண்ணைப் பெட்டிகளில் நிரப்பித்தான் எதையும் நட்டார்கள். "நிலம் கொத்தப் பஞ்சி, சோம்பேறியள்," என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

எங்கள் கறி மணக்கிறது என்று முன்பு முறையிட்ட பக்கத்து வீட்டுக்காரிதான் ஒருநாள் கடைக்கு வந்து, அந்த மண்ணில் ஈயம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கீரை கொடுக்காதீர்கள் என்றாள். "அப்ப கறி மணந்தது. இப்ப கீரை கண்ணுக்குள்ள குத்துது," என்றீர்கள் அம்மாவிடம். அடுத்த கிழமையே இன்னொரு பாத்தி கட்டினீர்கள், அவள் யன்னலுக்கு நேரே.

தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அந்தப் பாத்திகளில் மண் அளைந்துதான் வளர்ந்தான். பள்ளிக்கூடம் போனபோது கணக்கு ஏறவில்லை. மேசையில் ஒரு பக்கம் கீரைச் சோறு, ஒரு பக்கம் கணக்குக் கொப்பி. பிழை விட்டால் அடி. "சாப்பிடு, மூளைக்கு நல்லது," என்று அடித்த கையாலேயே ஊட்டிவிட்டீர்கள்.

பிறகு டொக்டர் அவன் இரத்தத்தைச் சோதித்து, அதில் ஈயம் ஏறியிருக்கிறது, மூளையைத் தாக்கியிருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு பாத்திகளையும் சீமெந்து போட்டு மூடினீர்கள். அன்றோடு அவனை அடிப்பதை விட்டீர்கள். அவனோடு பேசுவதையும் விட்டீர்கள். வெட்கம் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? சாகும்வரை நீங்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நாற்பதைத் தாண்டிவிட்டான். என்னோடுதான் இருக்கிறான். இன்றும் கீரையை முதலில் சாப்பிட்டு முடித்துத் தட்டைச் சாய்த்துக் காட்டினான்.

"அக்கா, அப்பாக்கு என்னில இன்னும் கோவமோ?"

"இல்லையடா. அவருக்குத் தன்னிலதான் கோவம்."

எத்தனை தரம் சொன்னாலும் நம்பமாட்டான். கை கழுவிவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"ஏழும் அஞ்சும் பன்ரெண்டு, அப்பா."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

அந்தப் படத்தை நான் இன்னும் எறியாமல் வைத்திருப்பது அவனுக்காகத்தான்.