வேட்டிக்கு மேலே சணல் சட்டை

அண்ணை,

இன்று கடையில் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தேன். சணல் மணம் மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் வந்துவிட்டீர்கள்.

தமிழ் தெரியாத சீனச் சமையற்காரருக்குத் தமிழில் மடலா என்பார்கள். ஆங்கிலம் மட்டும் நம் இருவருக்கும் தெரிந்ததா என்ன? உங்கள் குசினியில் நான் கோப்பை கழுவிய காலத்தில், கையாலும் தலையாலும் உலக விசயமெல்லாம் பேசினோமே. என் கைவேகத்தை டொரொன்ரோவின் ஸ்பாடைனாத் தெருவே வியந்தது. நீங்களே சாட்சி.

யாழ்ப்பாணத்தில் என் அப்பா இறந்த செய்தி வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு, "கோ ஹோம்" என்றீர்கள். எப்படிப் போவது? அகதி வழக்கு முடியவில்லை, பாஸ்போட் இமிக்கிரேசன்காரர் கையில். மூத்தவன் நான் இங்கே அடைபட்டுக் கிடக்க, தம்பி கொள்ளி வைத்தான்.

அடுத்த மாரியில் நீங்களும் கண்ணை மூடினீர்கள். எங்கள் வழக்கப்படி வெள்ளை வேட்டி, சால்வையோடு உங்கள் செத்தவீட்டுக்கு வந்தேன். டொரொன்ரோப் பனியில் வேட்டியோடு நடந்த முதல் தமிழன் நான்தான். மண்டபத்திலோ வந்தவர் எல்லோரும் கறுப்பு. உங்கள் வழக்கத்தில் வெள்ளை உடுப்பு செத்தவரின் குடும்பத்துக்கு மட்டும் உரியது என்று எனக்கு யார் சொன்னது? ஹொங்கொங்கிலிருந்த உங்கள் மகனுக்கு விசா கிடைக்கவில்லை. அவனுக்கென்று வைத்திருந்த, ஓரம் தைக்காத சணல் சட்டையை என் வெள்ளையைக் கண்ட ஒரு கிழவர் வேட்டிக்கு மேலே மாட்டினார். தலையில் சணல் முக்காடு, இடுப்பில் கயிறு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என்னை முழங்காலில் இருத்தினார்.

என்னைக் காரில் கொண்டுவந்த கணேசன் குனிந்து, "டேய், உன்னைச் சீனன்ர மகனாக்கிப்போட்டாங்களடா! கழட்டிப்போட்டு வா, ஓடுவம்" என்றான்.

"எப்பிடியடா ஓடுறது? எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்."

"ஆள் மாறிப்போச்சுதெண்டு சொல்லன்!"

உங்கள் மனைவியைப் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியாதா? கிட்ட வந்தார். அவிழ்ப்பார் என்று நினைத்தேன். கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

சட்டை கழுத்தை அறுத்தது. தகப்பன் போனபின் மகனுக்குச் சுகம் ஆகாது என்றுதான் அந்த முரட்டுத் துணியாம். வந்தவர்கள் உங்களை வணங்க வணங்க, நான் நெற்றியால் நிலம் தொட்டுப் பதில் வணக்கம் செய்தேன். எழும்ப வழியில்லை. ஒருமுறை குனிந்தபோது "ஐயோ, அப்பா!" என்று கத்திவிட்டேன். மண்டபமே அதிர அழுதேன். இப்படி அழுத மகனைக் கண்டதில்லை என்று சீனர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில்தான்; ஆனாலும் எனக்கு விளங்கியது.

இமிக்கிரேசன் கடிதம் இன்னும் வரவில்லை, அண்ணை. ஆனால், "உன்ரை அப்பான்ரை செத்தவீட்டில நீ எங்கையடா நிண்டனி?" என்று யாரும் கேட்டால் நான் இப்போது தலைகுனிவதில்லை.

"பெட்டிக்குப் பக்கத்தில, முழங்காலில" என்கிறேன்.