வத்திடும்பா

மார்ச் 3

இன்று அலுவலகத்தில் எனக்குக் கைதட்டல். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எஞ்சினியர்கள் எழுதித் தந்த கையேடு தலையணை தடிமன். அதை ஒரே அட்டையில் அடக்கிவிட்டேன். நான் எழுதினால் தன் அம்மாவுக்குக்கூடப் புரிகிறது என்றார் மேலாளர். தலைகால் புரியவில்லை எனக்கு. வளவளவென்று யார் எழுதினாலும் வெட்டித் தள்ளுவதுதானே என் பிழைப்பு!

மார்ச் 9

அப்பாவின் கால் வீக்கத்துக்காக இதய மருத்துவரிடம் போனோம். பரிசோதனை முடிந்து அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டர் என்னை மட்டும் அழைத்து மூச்சு விடாமல் பேசினார். இதயம் பலவீனமாகிவிட்டது, அதனால்தான் காலில் நீர் தேங்குகிறது. மாத்திரை நீரை இறக்கும், ஆனால் இதயம் பழையபடி ஆகாது. வீக்கம் போனாலும் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. உப்பைக் குறைக்கணும், எடை பார்க்கணும், மூச்சு வாங்கினால் உடனே வரணும்.

வெளியே வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார்.

"கால்ல நீர் கட்டியிருக்கு. மாத்திரை போட்டா வத்திடும்பா."

"இவ்ளோ நேரம் பேசினாரே, அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்றேன். அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவன் சொல்லும் கதையையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அபராதம் போடுவார். அவருக்கு எதிலும் முழுக்கதை வேண்டும். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 21

வீக்கம் சுத்தமாக இல்லை. பழைய ஷூ மறுபடி நுழைகிறது என்று அப்பாவுக்கு ஒரே குஷி. கடைத்தெருவரை நடந்துபோய் வந்தார். அண்ணன் போனில் விசாரித்தான். ஜம்மென்று இருக்கிறார் என்றேன்.

ஏப்ரல் 2

வேலை, வேலை, வேலை. அப்பாவோடு உட்கார்ந்து பேசிப் பல நாளாகிறது.

ஏப்ரல் 11

ஆஸ்பத்திரி. அப்பாவால படுக்கவே முடியல, அப்படி மூச்சு வாங்குது. நெஞ்சுல தண்ணி சேர்ந்துடுச்சாம். என்ன மாத்திரை போடுறார்னு கேட்டாங்க. எடுத்துட்டு வர வீட்டுக்கு ஓடினேன். மாத்திரை அட்டை பாதிகூட காலியாகல. ஏன்பா? ஏன் நிறுத்தினீங்க?

ஏப்ரல் 13

பிழைத்துக்கொண்டார். நான் கேட்க நினைத்ததை டாக்டரே கேட்டார். அப்பா ஆக்சிஜன் மாஸ்கை விலக்கி, "வத்திடுச்சே, அதான் நிறுத்திட்டேன்" என்றார். 'வத்திடும்' என்று யார் சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

எளிமையாகச் சொல்வது வேறு, குறைத்துச் சொல்வது வேறு. ஊருக்கே எழுதித் தருகிறவளுக்கு இது தெரியாதா? பயத்தை வெட்டுவதாக நினைத்துக்கொண்டு காரணத்தை வெட்டியிருக்கிறேன். இல்லை, அதுகூடப் பொய். உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை, அதுதான் நிஜம். சே, என்ன பொண்ணு நான்.

ஏப்ரல் 16

இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன தடவை இருந்ததைவிட இதயம் இப்போது இன்னும் பலவீனம், போனது திரும்பாது என்பதையும் சேர்த்து. அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பயந்துடுவீங்கன்னுதான்பா..."

"பயந்திருப்பேன். மாத்திரையும் போட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 27

வாட்டர் ஹீட்டர் கையேடு வந்தது. எச்சரிக்கைகளுக்கு உரிய காரணங்களை வெட்ட மனம் வரவில்லை. இன்னொரு அட்டை கேட்டேன். மேலாளர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

மே 5

மறுபரிசோதனை. அப்பாவின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நானும் எழுந்தேன்.

"நீ இங்கயே இரும்மா. நானே கேட்டுக்கிறேன்" என்றார்.

கதவு மூடிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா நிறுத்தி நிறுத்தி ஏதோ கேட்பதும் டாக்டர் பதில் சொல்வதும் கேட்டன, வார்த்தைகள் பிடிபடவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாக வெளியே வந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நிறைய சொன்னாரு" என்றார் அப்பா.

மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தேன். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார். காரில் ஏறி, வீடு வந்து சேர்ந்தும் எதுவும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு மறுபடி கேட்பது?